கிராபிக்ஸ் கார்டை டிரைவர் எப்படிக் கண்டுபிடிக்கிறது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிய கிராபிக்ஸ் கார்டைச் செருகிக் கணினியை இயக்குகிறீர்கள். திரையில் படம் வந்துவிட்டது. ஆனால் எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக இருக்கிறது, ஜன்னலை இழுத்தால் திக்கித் திக்கி நகர்கிறது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "டிரைவரை எடுத்துட்டு மறுபடி போடு." போட்டுப் பார்ப்பீர்கள். சரியானால் நல்லது. சரியாகாவிட்டால் அடுத்து எங்கே பார்ப்பது என்பதற்கு அந்தப் பதிலில் ஒன்றுமே இல்லை.

கார்டு இருப்பதைக் கணினி அறிவதற்கும், அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் அதை ஏற்று வேலையைத் தொடங்குவதற்கும் நடுவே பல படிகள் உண்டு. எந்தப் படியிலும் சங்கிலி அறுந்துபோகலாம். அறுந்த இடத்தைப் பொறுத்து அது விட்டுச்செல்லும் தடயமும் மாறும். எந்தப் படியில் நின்றுபோயிருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டால், தேவையில்லாமல் பத்து முறை டிரைவரை நிறுவ வேண்டியிருக்காது. அந்தப் படிகளை வரிசையாகப் பார்ப்போம். பெரும்பாலும் லினக்ஸை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு படியையும் திறந்து பார்க்க முடியும். விண்டோஸிலும் அடிப்படை இதேதான். அதற்கும் ஒரு பகுதி கீழே இருக்கிறது.

கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் உச்சரிப்பின்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதல் படி: கார்டு பஸ்ஸில் தெரிகிறதா?

கணினியோடு கார்டுகளை இணைக்கும் பொதுப்பாதைக்கு பஸ் என்று பெயர். பிசிஐ என்னும் அத்தகைய இணைப்பு முறையை இன்டெல் 1992-இல் வெளியிட்டது. இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ், சமிக்ஞை அனுப்பும் விதத்தில் முற்றிலும் வேறானது. ஆனால் சாதனத்தை அடையாளம் காணும் ஏற்பாடு மட்டும் அன்று இருந்தபடியே தொடர்கிறது. ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் கான்ஃபிகரேஷன் ஸ்பேஸ் என்ற ஒரு சிறு பதிவேடு இருக்கும். பழைய பிசிஐயில் அதன் அளவு 256 பைட், எக்ஸ்பிரஸில் 4096 பைட். முதல் 64 பைட்டில் எந்த விவரம் எங்கே இருக்க வேண்டும் என்பது விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

கணினி எழும்போது ஃபர்ம்வேரும் (தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்), அதன் பிறகு இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலும் இந்தப் பதிவேடுகளைத் தேடிப் போகின்றன. ஒரு பிரிவில் 256 பஸ்கள் வரை, ஒரு பஸ்ஸில் 32 சாதனங்கள், ஒரு சாதனத்தில் 8 ஃபங்ஷன்கள் என்பதுதான் முகவரி அமைப்பு. ஒவ்வொரு முகவரியிலும் முதல் இரண்டு பைட்டைப் படித்துப் பார்ப்பார்கள். அங்கே சாதனம் இருந்தால் அதைத் தயாரித்தவரின் எண் வரும். ஒன்றும் இல்லாவிட்டால் பதினாறு பிட்டும் 1 ஆக வரும். அந்த எண் எந்த நிறுவனத்துக்கும் ஒதுக்கப்படாதது என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை.

இந்தத் தேடலின் முடிவைப் பார்க்க எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை இருக்கிறது. அதோடு ஒரு கழித்தல் குறி போட்டு என், என், கே என்ற மூன்று எழுத்துகளையும் சேர்த்துக் கொடுங்கள். இன்டெல்லின் எச்டி கிராபிக்ஸ் 620 உள்ள மடிக்கணினியில் இப்படி வரும்:

00:02.0 விஜிஏ கம்பாட்டிபிள் கன்ட்ரோலர் [0300]: இன்டெல் எச்டி கிராபிக்ஸ் 620 [8086:5916] ரெவ் 02
கர்னல் டிரைவர் இன் யூஸ்: ஐ915
கர்னல் மாட்யூல்ஸ்: ஐ915

புதியவர்கள் இந்தக் கடைசி இரண்டு வரிகளை ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். 'கர்னல் மாட்யூல்ஸ்' என்பது இந்தச் சாதனத்துக்குப் பொருந்தக்கூடியவை என்று வட்டில் பதிவாகியிருக்கும் டிரைவர்களின் பட்டியல். 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்பது இந்த நொடியில் சாதனத்தை உண்மையிலேயே பிடித்திருக்கும் டிரைவர். 'மாட்யூல்ஸ்' வரி இருந்து 'இன் யூஸ்' வரி இல்லையென்றால், ஆள் இருக்கிறார், பொறுப்பேற்கவில்லை என்று பொருள். இரண்டுமே இல்லையென்றால் பொருத்தமான டிரைவரே கணினியில் இல்லை.

பட்டியலில் கார்டே வரவில்லையா? அப்படியானால் டிரைவரைத் தொடவே வேண்டாம். கார்டு ஸ்லாட்டில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, தனி மின்கேபிள் செருகியிருக்கிறதா, பயாஸ் அமைப்பில் அந்த ஸ்லாட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிவேட்டையே படிக்க முடியாத சாதனத்துக்கு எந்த டிரைவராலும் எதுவும் செய்ய முடியாது.

இரண்டாம் படி: அடையாளத்தை நாமே படிப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்தான். ஆனாலும் ஒருமுறையாவது செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்எஸ்பிசிஐ கட்டளையோடு எக்ஸ் என்ற எழுத்தைச் சேர்த்தால் பதிவேட்டின் தொடக்கம் அப்படியே பதினாறடிமான எண்களாக வரும். மேலே சொன்ன சாதனத்தில் முதல் வரி இப்படி இருக்கும்:

00: 86 80 16 59 07 04 10 00 02 00 00 03 00 00 00 00

முதல் இரண்டு பைட் 86 80. சிறிய பைட் முன்னே வரும் வழக்கம் என்பதால் திருப்பிப் படிக்க வேண்டும்: 8086. இன்டெல்லின் தயாரிப்பாளர் எண் இது. அந்த நிறுவனம் 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசசரின் பெயரும் இதுவே. ஏஎம்டியின் கிராபிக்ஸ் சில்லுகளில் இங்கே 1002 இருக்கும், என்விடியாவில் 10டிஇ. இந்த எண்களை நிறுவனங்களுக்கு ஒதுக்குவது பிசிஐ-சிக் என்ற கூட்டமைப்பு.

அடுத்த இரண்டு, 16 59, அதாவது 5916. இது சில்லின் மாடல் எண். அதற்கடுத்து வரும் 07 04 என்பது கட்டளைப் பகுதி. 07 என்பது 4, 2, 1 மூன்றும் சேர்ந்தது. ஐஓ முகவரிக்குப் பதில் சொல், நினைவக முகவரிக்குப் பதில் சொல், நினைவகத்தை நீயாகவே அணுகலாம் என்ற மூன்று அனுமதிகளும் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்று அதற்குப் பொருள். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் எட்டாவது இடத்தில் இருக்கும் 02 ரிவிஷன் எண். அதன் பின் வரும் 00 00 03 சாதனத்தின் வகை. 03 என்றால் திரைக்காட்சிச் சாதனம்.

அந்த 03-க்குள்ளும் உட்பிரிவு உண்டு. 0300 என்றால் விஜிஏவுக்கு இணங்கும் கார்டு. 0302 என்றால் 3டி கன்ட்ரோலர். இரண்டு கிராபிக்ஸ் சில்லுகள் உள்ள மடிக்கணினிகளில், திரைக்குச் செல்லும் கம்பி எதுவும் இணைக்கப்படாத இரண்டாவது சில்லு பெரும்பாலும் 0302 என்றே தன்னைச் சொல்லிக்கொள்ளும். எல்எஸ்பிசிஐ பட்டியலில் 'விஜிஏ' என்ற சொல்லை மட்டும் தேடிவிட்டு, கார்டே தெரியவில்லை என்று முடிவுகட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 3டி என்றும் தேடிப் பாருங்கள்.

ரிவிஷன் எண்ணையும் அற்பமாக நினைக்க வேண்டாம். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480, ஆர்எக்ஸ் 580 இரண்டுக்கும் மாடல் எண் ஒன்றுதான். வேறுபாடு ரிவிஷனில் இருக்கிறது. பெட்டியில் அச்சிட்ட பெயரைக் கர்னல் எங்குமே பார்ப்பதில்லை. எல்எஸ்பிசிஐ காட்டும் பெயர்கூட கணினியில் தனியாக வைத்திருக்கும் ஒரு பெயர்ப்பட்டியலிலிருந்து வருவதுதான். பட்டியல் பழையதாக இருந்தால் பெயருக்குப் பதில் வெறும் எண் தெரியும். அதனால் டிரைவருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

மூன்றாம் படி: இடம் ஒதுக்குவது

கார்டோடு பேச அதன் ரிஜிஸ்டர்களுக்கும் நினைவகத்துக்கும் கணினியின் முகவரி வரைபடத்தில் இடம் வேண்டும். பதிவேட்டில் இதற்கென்றே பார் எனப்படும் ஆறு இடங்கள் உண்டு. எவ்வளவு இடம் தேவை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. அந்த இடத்தில் எல்லா பிட்டிலும் 1 எழுதிவிட்டுத் திரும்பப் படிப்பார்கள். கார்டு தன்னால் மாற்ற முடிந்த மேல் பிட்டுகளில் மட்டும் 1 காட்டும், கீழ் பிட்டுகளைப் பூஜ்யமாகவே வைத்திருக்கும். தன்மையைச் சொல்லும் கடைசி நான்கு பிட்டுகளையும் பூஜ்யமாகவே கொண்டு பார்க்கும்போது கீழே 28 பிட்டுகள் பூஜ்யம் என்றால், 2-இன் 28-ஆம் அடுக்கு, அதாவது 256 எம்பி இடம் தேவை என்று பொருள்.

எல்எஸ்பிசிஐயோடு வி என்ற எழுத்தைச் சேர்த்தால் இந்த ஒதுக்கீடு தெரியும். இடம் கிடைக்காவிட்டால் கர்னல் லாக்கில் (கர்னல் எழுதிவைக்கும் குறிப்புகள், டிமெஸ்ஜி கட்டளை காட்டும்) 'பார்' என்ற சொல்லோடு 'நோ ஸ்பேஸ்' என்றோ 'கான்ட் அசைன்' என்றோ வரி வந்திருக்கும். பயாஸில் 4 ஜிபிக்கு மேல் முகவரி ஒதுக்க அனுமதிக்கும் அமைப்பை இயக்குவது பெரும்பாலும் இதற்குத் தீர்வு. ஒரே கணினியில் பெரிய நினைவகம் கொண்ட இரண்டு மூன்று கார்டுகளைப் போடுபவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

நான்காம் படி: பொருத்தம் பார்ப்பது

இங்கேதான் டிரைவர் கதைக்குள் வருகிறது. சாதனம் கண்டுபிடிக்கப்பட்டதும் கர்னல் அதன் எண்களையெல்லாம் கோத்து ஒரே வரியாக்குகிறது. அந்த வரியின் பெயர் மாட்அலையாஸ். /சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ்/0000:00:02.0/ என்ற அடைவுக்குள் மாட்அலையாஸ் என்ற கோப்பைத் திறந்தால் இப்படித் தொடங்கும்:

பிசிஐ:வி00008086டி00005916...

நடுவே மடிக்கணினித் தயாரிப்பாளரின் துணை எண்கள் இரண்டு வரும். முடிவு பிசி03எஸ்சி00ஐ00 என்று இருக்கும். சற்றுமுன் எண்களாகப் படித்த அதே விவரங்கள்தான் இவை: வி தயாரிப்பாளர், டி மாடல், பிசி முதன்மை வகை, எஸ்சி உட்பிரிவு.

மறுபக்கம், ஒவ்வொரு டிரைவர் மாட்யூலும் தான் எந்தெந்தச் சாதனங்களைக் கையாளும் என்று ஒரு அட்டவணையைத் தனக்குள் வைத்திருக்கிறது. மாட்யூல்கள் நிறுவப்படும்போது டெப்மாட் என்ற கருவி எல்லா அட்டவணைகளையும் திரட்டி மாட்யூல்ஸ்.அலையாஸ் என்ற ஒரே கோப்பாக எழுதி வைக்கிறது. சாதனம் தெரிந்ததும் கர்னல் ஒரு அறிவிப்பு விடும். சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற பின்னணி நிரல் அந்த அறிவிப்பிலுள்ள மாட்அலையாஸ் வரியை எடுத்து இந்தக் கோப்பில் தேடி, பொருந்தும் மாட்யூலை ஏற்றச் சொல்லும். நீங்களே பார்க்க விரும்பினால் மாட்இன்ஃபோ ஐ915 என்று கொடுங்கள். 'அலையாஸ்' என்று தொடங்கும் வரிகள் கொத்தாக வந்து விழும்.

இந்த அட்டவணைகளை எழுதுவதில் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு பாணி உண்டு. ஐ915 ஒவ்வொரு மாடல் எண்ணையும் தனித்தனியாகக் குறிப்பிடுகிறது. பட்டியலில் இல்லாத புதிய சில்லு வந்தால் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பட்டியலில் இருந்தும் ஆதரவு முழுமையாகாத சில்லாக இருந்தால், இந்தக் கர்னலில் ஆதரவு சரியாக இல்லை, வேண்டுமானால் ஃபோர்ஸ்_புரோப் என்ற அளவுருவில் மாடல் எண்ணைக் கொடுத்துக் கட்டாயப்படுத்து என்று லாக்கில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். என்விடியா கார்டுகளுக்கான கட்டற்ற டிரைவரான நூவோ இதற்கு நேர்மாறு. என்விடியா எண் இருந்து, வகை 03 ஆக இருந்தால் போதும், எந்த மாடலானாலும் முன்வந்து நிற்கும். பிறகு உள்ளே போய்ச் சில்லைப் படித்துப் பார்த்துத் தனக்குத் தெரியாததென்றால் விலகும். ஆகவே அலையாஸ் பொருந்துவதால் மட்டும் கார்டு ஆதரிக்கப்படுகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாதனம் முதலில் வந்தாலும் சரி, டிரைவர் முதலில் வந்தாலும் சரி, பொருத்தம் பார்க்கும் வேலை ஒன்றுதான். புதிய சாதனம் சேர்ந்தால் இருக்கிற டிரைவர்களோடு ஒப்பிடுவார்கள். புதிய டிரைவர் ஏறினால், இதுவரை யாரும் பிடிக்காத சாதனங்களோடு ஒப்பிடுவார்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாட்புரோப் கட்டளையால் டிரைவரை ஏற்றினால் கார்டு உடனே உயிர்பெறுவது இதனால்தான்.

இந்தப் படியில் தடங்கல் வந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, தடைப்பட்டியல். /இடிசி/மாட்புரோப்.டி/ அடைவில் 'பிளாக்லிஸ்ட்' என்று தொடங்கும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவும்போது நூவோவைத் தடுக்கும் ஒரு கோப்பு அங்கே வைக்கப்படும். பிறகு அந்த டிரைவரைக் கையால் நீக்குபவர்கள் இந்தக் கோப்பை மறந்துவிடுவார்கள். விளைவு, இரண்டு டிரைவருமே இல்லை. பிளாக்லிஸ்ட் வரி தானாக ஏறுவதை மட்டுமே தடுக்கும், பெயர் சொல்லி மாட்புரோப் செய்தால் ஏறிவிடும். கையால் ஏற்றினால் வேலை செய்து, மறுமுறை பூட் செய்தால் காணாமல் போகிறதென்றால் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும்.

இரண்டு, கர்னல் மாறியிருப்பது. கர்னலுக்கு வெளியிலிருந்து வரும் டிரைவர்கள் ஒவ்வொரு கர்னல் பதிப்புக்கும் தனியாகக் கட்டப்பட வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி அதைத் தானாகச் செய்யும், ஆனால் புதிய கர்னலின் ஹெடர் கோப்புகள் இல்லாவிட்டால் அதுவும் கைவிட்டுவிடும். 'நேற்று வரை நன்றாக இருந்தது, அப்டேட் செய்தேன், இப்போது இல்லை' என்று வரும் புகார்களில் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

மூன்று, செக்யூர் பூட். பயாஸில் உள்ள இந்தப் பாதுகாப்பு அமைப்பு இயங்கும்போது கையொப்பமில்லாத மாட்யூலைக் கர்னல் ஏற்காது. மாட்புரோப் செய்யும்போது 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று பதில் வந்தால் காரணம் வெளிப்படை. மோக்யூட்டில் கருவியால் உங்கள் சாவியைப் பதிவு செய்யலாம். அவசரத்துக்குச் செக்யூர் பூட்டை அணைத்துப் பார்த்து, பிரச்சினை இதுதான் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

ஐந்தாம் படி: புரோப்

பொருத்தம் பார்த்தாயிற்று. இப்போது கர்னல் அந்த டிரைவரின் புரோப் என்ற செயல்கூற்றை அழைக்கிறது. இந்த அழைப்பு வெற்றியாக முடிந்தால்தான் டிரைவர் கார்டோடு பிணைகிறது. உள்ளே நடப்பவை ஏராளம்: சாதனத்தை இயக்குவது, பார் இடங்களைத் தன் முகவரிக்குள் கொண்டுவருவது, சில்லின் உண்மையான பதிப்பைப் படிப்பது, கார்டுக்குள் ஓட வேண்டிய அதன் சொந்த ஃபர்ம்வேர் கோப்பை ஏற்றுவது, இன்டரப்டைப் பதிவு செய்வது, திரை இணைப்புகளைக் கணக்கெடுப்பது, கடைசியில் /டெவ்/டிஆர்ஐ/ அடைவில் கார்டு0, ரெண்டர்டி128 போன்ற பெயர்களில் வாசல் திறப்பது. எல்லாம் முடிந்தால் புரோப் 0 என்று பதில் தரும். இடையில் எது தவறினாலும் ஒரு எதிர்ம எண் வரும், செய்ததையெல்லாம் பின்னோக்கி அவிழ்த்துவிட்டு டிரைவர் விலகிவிடும்.

அந்த எண்தான் உங்களுக்கு வேண்டிய தடயம். டிமெஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில் 'புரோப்' என்றும் 'ஃபெயில்ட்' என்றும் தேடுங்கள். -2 என்றால் கோப்பு கிடைக்கவில்லை. -12 என்றால் நினைவகம் கிடைக்கவில்லை. -16 என்றால் வேறு யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள். -110 என்றால் சாதனம் உரிய நேரத்தில் பதில் சொல்லவில்லை. -517 என்றால் தவறே இல்லை: எனக்குத் தேவையான இன்னொரு டிரைவர் இன்னும் வரவில்லை, பிறகு கூப்பிடு என்று தள்ளிப்போட்டிருக்கிறது.

-19 தனி ரகம். இது என் சாதனம் இல்லை என்று டிரைவர் மறுப்பதைக் குறிக்கும் எண். இதைத் தோல்வியாகக் கருதாமல், பொருத்தம் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொண்டு கர்னல் மேலே போய்விடும். சாதாரண லாக்கில் கர்னலின் கணக்கில் ஒரு வரிகூட இருக்காது. மாட்யூல் ஏறியிருக்கிறது, ஏறிய மாட்யூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மாட் கட்டளை அதைக் காட்டுகிறது, பிழை எதுவும் இல்லை, ஆனாலும் 'டிரைவர் இன் யூஸ்' வரி இல்லை என்றால் இந்த மறுப்பு நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

-2 பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு கணினியில் கார்டு மாற்றினேன். படம் வந்தது, வேகம் இல்லை. லாக்கில் 'டைரக்ட் ஃபர்ம்வேர் லோட்', ஒரு கோப்பின் பெயர், பிறகு 'ஃபெயில்ட் வித் எரர் -2'. கோப்பு இல்லை போலிருக்கிறது என்று /லிப்/ஃபர்ம்வேர்/ அடைவுக்குப் போனால், அதே பெயரில் கோப்பு அங்கேயே இருக்கிறது. அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன், அனுமதிகளைச் சரிபார்த்தேன், அளவையும் ஒப்பிட்டேன். அதே -2. இரண்டு இரவு போனது. மூன்றாம் நாள், லாக்கில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இருக்கும் நேரத்தைக் கவனித்தேன். ஃபர்ம்வேர் கேட்டது இரண்டாவது நொடியில், மூல வட்டு மவுன்ட் ஆனது நான்காவது நொடியில். அதாவது டிரைவர், பூட்டின் தொடக்கத்தில் வரும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்புத்தொகுப்பிலிருந்து ஏறியிருக்கிறது. அந்தத் தொகுப்பு பழைய கார்டு இருந்த காலத்தில் கட்டப்பட்டது. அதற்குள் புதிய கார்டின் ஃபர்ம்வேர் இல்லை. தொகுப்பை ஒரே கட்டளையில் மறுபடி கட்டி பூட் செய்ததும் சரியாகிவிட்டது.

அன்றிலிருந்து, லாக்கில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு எப்போது எழுதியது என்பதையும் சேர்த்தே படிக்கிறேன். நீங்களும் கார்டு மாற்றினால், ஃபர்ம்வேர் பொதியைப் புதுப்பித்த கையோடு இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் மறுபடி கட்டிவிடுங்கள். டெபியன், உபுன்டு குடும்பத்தில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ஃபெடோராவில் டிராகட், ஆர்ச்சில் எம்கேஇனிட்சிபிஐஓ.

ஆறாம் படி: திரை கைமாறுவது

டிரைவர் வருவதற்கு முன்பே திரையில் லோகோவும் எழுத்தும் தெரிந்ததே, அதை யார் வரைந்தார்கள்? யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் ஒரு திரையளவைத் தேர்ந்தெடுத்து, நினைவகத்தின் ஒரு பகுதியைக் காட்டி, இங்கே எழுதினால் படமாகும் என்று சொல்லிவைத்திருக்கும். சிம்பிள்டிஆர்எம், இஎஃப்ஐஎஃப்பி போன்ற எளிய டிரைவர்கள் அதை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கார்டிலும் படம் காட்டிவிடும். உண்மையான டிரைவர் புரோப் ஆகும்போது முதலில் இந்தத் தற்காலிக ஏற்பாட்டை அகற்றிவிட்டுத் திரையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். பூட் நடுவே திரை ஒரு கணம் இருண்டு, எழுத்து சிறிதாகி வருவது அந்தக் கைமாற்றத்தால்.

படம் தெரிவதால் டிரைவர் சரி என்று நினைத்துவிட வேண்டாம் என்று சொல்வது இதற்காகவே. மாறாக, அந்தக் கணத்துக்குப் பிறகு திரை கறுப்பாகவே நின்றுவிட்டால், பூட் வரியில் (தொடக்கத்தில் கர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரி) நோமோட்செட் என்று சேர்த்து எழுப்புங்கள். முழு டிரைவர்கள் ஒதுங்கிக்கொள்ளும், எளிய டிரைவரே தொடரும், நீங்கள் உள்ளே போய் லாக்கைப் படிக்கலாம். சரி செய்ததும் அந்தச் சொல்லை மறக்காமல் எடுத்துவிடுங்கள். எப்போதோ சேர்த்த நோமோட்செட்டை விட்டுவிட்டு, டிரைவர் வேலை செய்யவில்லை என்று மாதக்கணக்கில் தவித்தவர்கள் உண்டு.

இரண்டு டிரைவர்கள் ஒரே கார்டைக் கேட்டால்

ஒரு சாதனத்தை ஒரு நேரத்தில் ஒரு டிரைவர்தான் பிடிக்க முடியும். ஏஎம்டியின் எச்டி 7970 கார்டை எடுத்துக்கொள்ளுங்கள், அடையாளம் 1002:6798. ரேடியான், ஏஎம்டிஜிபியு என்ற இரண்டு டிரைவர்களின் அட்டவணையிலும் இந்த எண் இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்பதை எஸ்ஐ_சப்போர்ட் என்ற அளவுரு முடிவு செய்கிறது. ரேடியானுக்கு 0, ஏஎம்டிஜிபியுவுக்கு 1 என்று பூட் வரியில் கொடுத்தால், ரேடியான் -19 சொல்லி விலகும், அடுத்தவர் ஏற்றுக்கொள்வார்.

கையாலும் மாற்றலாம். சாதன அடைவிலுள்ள டிரைவர்_ஓவர்ரைடு கோப்பில் விரும்பும் டிரைவரின் பெயரை எழுதுங்கள். பழைய டிரைவரின் அன்பைண்ட் கோப்பில் சாதன முகவரியை எழுதி அவிழ்த்துவிடுங்கள். பிறகு /சிஸ்/பஸ்/பிசிஐ/டிரைவர்ஸ்_புரோப் கோப்பில் அதே முகவரியை எழுதினால் பொருத்தம் மறுபடி நடக்கும். மெய்நிகர் கணினிக்குக் கார்டைக் கொடுப்பவர்கள் விஎஃப்ஐஓ-பிசிஐ என்ற டிரைவரைப் பிணைப்பது இந்த வழியில்தான். ஒரு எச்சரிக்கை: இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் திரையை இயக்கும் கார்டில் இதைச் செய்யாதீர்கள். இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வந்து செய்யுங்கள்.

பிசிஐ இல்லாத இடங்களில்

கைப்பேசிகளிலும் சிறு போர்டு கணினிகளிலும் கிராபிக்ஸ் பகுதி பிராசசர் சில்லுக்குள்ளேயே இருக்கும். அங்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள பஸ் கிடையாது. அதற்குப் பதிலாக டிவைஸ் ட்ரீ என்ற வரைபடம் கர்னலிடம் கொடுக்கப்படும். அதில் 'கம்பாட்டிபிள்' என்ற வரியில் ஏஆர்எம்,மாலி-டி860 என்பது போன்ற பெயர் இருக்கும். பான்ஃப்ராஸ்ட் போன்ற டிரைவர் அந்தப் பெயரைத் தன் பட்டியலில் தேடிப் பிணையும். மற்றபடி புரோப் முதல் எல்லாம் ஒன்றுதான். -517 என்ற எண்ணை இங்கேதான் அதிகம் சந்திப்பீர்கள், ஏனென்றால் மின்சாரத்துக்கும் கடிகாரத்துக்கும் தனித்தனி டிரைவர்கள் வந்தாக வேண்டும்.

விண்டோஸில்

டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கார்டின் ப்ராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்ட்வேர் ஐடீஸ் என்று போனால் பிசிஐ\வென்_8086&டெவ்_5916 என்று தொடங்கும் வரிகள் தெரியும். அதே எண்கள்தான். மேலே இருப்பது மிகத் துல்லியமான வரி, துணை எண்ணும் ரிவிஷனும் சேர்ந்தது. கீழே வர வரப் பொதுவாகும். டிரைவர் பொதியோடு வரும் ஐஎன்எஃப் கோப்பில் இந்த வரிகளில் ஒன்று இருக்க வேண்டும். பல ஐஎன்எஃப்கள் பொருந்தினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தர எண் கணக்கிடப்படும். எண் குறைவாக இருப்பது சிறந்தது. கையொப்பமும் எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகிறது என்பதும் அதில் சேரும், சமமாக வந்தால் தேதியும் பதிப்பும் பார்க்கப்படும். எதுவும் பொருந்தாதபோது மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் நிற்கும். மேலே சொன்ன சிம்பிள்டிஆர்எம்மின் இடம் அது.

டிவைஸ் மேனேஜர் காட்டும் கோட் எண்களை இந்தப் படிகளோடு சேர்த்துப் படித்தால் தெளிவு வரும். கோட் 28 என்றால் டிரைவரே நிறுவப்படவில்லை, நான்காம் படி. கோட் 12 என்றால் இடம் போதவில்லை, மூன்றாம் படி. கோட் 52 என்றால் கையொப்பம். எல்லோரும் பயப்படும் கோட் 43 என்றால், டிரைவர் பொருந்தி ஏறிய பிறகு, சாதனத்தில் கோளாறு என்று தானே அறிவித்திருக்கிறது. அங்கே ஐஎன்எஃப்பைத் தேடிக்கொண்டிருப்பது வீண். மின்இணைப்பு, சூடு, கார்டின் உடல்நிலை, டிரைவர் பதிப்பு இவற்றைப் பாருங்கள். எந்த ஐஎன்எஃப் ஏன் தேர்வானது என்ற முழு விவரம் விண்டோஸ் அடைவுக்குள் ஐஎன்எஃப் என்ற அடைவிலுள்ள செட்அப்ஏபிஐ.டெவ்.லாக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும்.

கடைசிச் சோதனை

லினக்ஸில் கர்னல் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் படம் திக்கினால், பயன்பாடுகள் எதை வைத்து வரைகின்றன என்று பாருங்கள். ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையின் வெளியீட்டில் 'ரெண்டரர்' என்ற வரியில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தால், பிராசசரே எல்லாவற்றையும் வரைந்துகொண்டிருக்கிறது. பயன்பாடுகளுக்காகக் கார்டிடம் வரையச் சொல்லும் மேசா நூலகம் கார்டுக்கேற்ற பகுதியை ஏற்றவில்லை, அல்லது ரெண்டர்டி128 கோப்பைத் திறக்க உங்கள் பயனர் கணக்குக்கு அனுமதி இல்லை. ரெண்டர், வீடியோ என்ற குழுக்களில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் தீரவில்லையென்றால் உதவி கேளுங்கள். கேட்கும்போது எல்எஸ்பிசிஐயின் அந்த மூன்று வரிகள், கர்னல் பதிப்பு, பூட் வரி, முழு டிமெஸ்ஜி லாக் நான்கையும் முதல் செய்தியிலேயே கொடுத்துவிடுங்கள். லாக்கை வெட்டிச் சுருக்காதீர்கள், நேரத்தையும் அழிக்காதீர்கள்.